இல்ல அலங்காரமும் இருவர் விருப்பமும்



அல்லாஹ் தஆலா மனிதனுக்கு வழங்கியிருக்கும் நிஃமத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் அத்தியாயம் ஸூரா நஹ்ல். அதன் 80-வது வசனத்தில் வீட்டைப் பற்றிய பேச்சு வருகிறது. வீட்டை நமக்கு அமைதி பெறும் தலமாக ஆக்கியதை அல்லாஹ் முதலில் நினைவூட்டுகிறான். அதன் பிறகுதான், கால்நடைகளின் தோலிலிருந்தும் ரோமத்திலிருந்தும் கூடாரங்களும் வீட்டுச் சாமான்களும் கிடைப்பதைச் சொல்கிறான். அங்கே "அஸாஸ்" என்றொரு சொல் இருக்கிறது. ஸவூதியிலும் துபாயிலும் வேலை பார்த்து வந்த சகோதரர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானதுதான். கட்டில், நாற்காலி, ஸோபா விற்கும் கடைகளின் பெயர்ப் பலகையில் இன்றும் அது எழுதியிருக்கும். ஆக, வீட்டு அலங்காரம் என்பது மார்க்கத்திற்குப் புறம்பான சங்கதி, இதைப் பற்றி ஆலிம்கள் வாய் திறக்க வேண்டியதில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். திருமறையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். முதலில் அமைதி, பிறகு சாமான். அந்தச் சாமானும் ஒரு காலம் வரைதான் என்று அவ்வசனமே முடிகிறது.

இப்போது நம் வீடுகளில் நடப்பது என்ன? சாமான் முதலில் வருகிறது. அது வந்த அன்றே அமைதி வெளியேறிவிடுகிறது!

இராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் நைட்டி, உள்பாவாடை முதலிய ஆயத்த ஆடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு தையற்கூடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பெரிய பூ, சிறிய பூ, கட்டம், கோடு, புள்ளி என்று துணிகள் குவிந்து கிடக்கும். எல்லோருக்கும் ஒரே பூதான் பிடிக்கும் என்றிருந்தால் அந்தத் தொழிலே நடக்காது. அதே வட்டாரத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்கிறார்கள். அது வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒரு புள்ளிகூடக் கூடாது. பூத்துணி விற்பவர் வெள்ளைத் துணிக்காரரைப் பார்த்து, "நீர் நெய்வது துணியே அல்ல" என்று சண்டைக்குப் போவதில்லை. கடைவீதியில் இருக்கும் இந்த விவேகம், ஒரே கூரையின் கீழ் வாழும் கணவன் மனைவிக்கிடையே ஏன் இல்லாமல் போகிறது?

இந்த விஷயத்தில் நமக்கு மிகத் தெளிவான ஒரு முன்மாதிரி உண்டு. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் ஹதீஸ் அது. ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்களுக்குத் திருமணம் ஆன சமயம். நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம், வீட்டில் "அன்மாத்" இருக்கிறதா என்று விசாரித்தார்கள். அன்மாத் என்பது மெல்லிய இழைகளையுடைய ஒருவகை நேர்த்தியான விரிப்பு. எங்களுக்கேது நாயகமே அதெல்லாம் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) பதில் கூறினார். அவர் ஏழைக் குடும்பத்தவர். தகப்பனார் உஹதுப் போரில் ஷஹீதாகி, கடனையும் சிறுவயதுச் சகோதரிகளையும் விட்டுச் சென்றிருந்தார். அதெல்லாம் உங்களுக்கு வரத்தான் போகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்தார்கள்.

காலம் சென்றது. நிலைமை மாறியது. அந்த விரிப்பு உண்மையிலேயே ஜாபிர் (ரலி) அவர்களின் வீட்டிற்கு வந்துவிட்டது. அது அவருடைய மனைவியாருக்குப் பிரியமானது. இவருக்கு அவ்வளவாக மனம் ஒப்பவில்லை. அதை எடுத்து அப்பால் வைக்கும்படி மனைவியிடம் கூறுகிறார். அம்மையார் கோபிக்கவில்லை, அழவில்லை, தாய்வீட்டிற்குப் புறப்படவுமில்லை. இது நமக்கு வரும் என்று நபியவர்களே சொல்லவில்லையா என்று திருப்பிக் கேட்கிறார். அவ்வளவுதான். ஜாபிர் (ரலி) அவர்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சகோதரர்களே! இந்த ஹதீஸை அறிவிப்பவர் யார்? ஜாபிர் (ரலி) அவர்களேதான். தம் வீட்டுக்குள் நடந்த ஒரு சிறு பேச்சில் மனைவியின் சொல் மேலோங்கியதை அவரே நமக்கு எடுத்துச் சொல்கிறார். அதில் தம் கௌரவம் குறைந்ததாக அவர் எண்ணவில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸிலிருந்து, பட்டாக இல்லாதவரை இத்தகைய விரிப்புகளை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் எடுக்கிறார்கள். சட்டம் அதுதான். ஆனால் சட்டத்தோடு ஒரு குடும்பப் பாடமும் இதில் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை என்பது ஒன்று. மார்க்கத்தில் கூடாது என்பது வேறொன்று. ஜாபிர் (ரலி) அவர்கள் முதலாவதை இரண்டாவதாக ஆக்கவில்லை.

இந்த வேறுபாட்டை நாயகம் (ஸல்) அவர்களே நமக்குக் காட்டித் தந்திருக்கிறார்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்கள் இல்லத்தில் பொரித்த உடும்பு உணவில் வைக்கப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். உடனே காலித் இப்னு வலீத் (ரலி), இது ஹராமா என்று கேட்டார். ஹராம் அல்ல, தம் ஊர்ப்பக்கம் இது இல்லாததால் மனம் நாடவில்லை என்று பதில் வந்தது. காலித் (ரலி) அதை இழுத்து வைத்துச் சாப்பிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (உடும்பின் சட்டம் பற்றி ஹனஃபி, ஷாஃபி இமாம்களிடையே உள்ள கருத்து வேற்றுமை தனி விஷயம், அதைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டாம்.) ஹராம், ஹலால் என்று அறிவிக்கும் பொறுப்பை அல்லாஹ்விடமிருந்து பெற்று வந்த திருநபியே, தம் சொந்த விருப்பின்மையை ஹராம் என்று சொல்லவில்லை. நாம் சொல்கிறோம்! சுவருக்கு ரோஸ் வர்ணம் பிடிக்கவில்லையென்றால், "இதெல்லாம் இஸ்ராஃப், ஹராம்" என்று வாய் கூசாமல் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பகுதியில் ஒரு குடும்பத்துப் பிணக்கு ஜமாஅத்தாருக்கு வந்து, பேசித் தீர்க்கும்படி என்னிடம் அனுப்பப்பட்டது. ஊர், பெயர் வேண்டாம். மாப்பிள்ளை சில வருடம் வெளிநாட்டில் இருந்து சம்பாதித்துப் புதுவீடு கட்டியிருக்கிறார். பெண்ணுக்குப் பூப்போட்ட திரைச்சீலை, பட்டாசாலைச் சுவருக்கு இளம்பச்சை, ஒரு மூலையில் பத்தமடைப் பாய் விரித்து ஓதுவதற்கு இடம் என்றெல்லாம் ஆசை. மாப்பிள்ளைக்கு வெறும் வெள்ளைச் சுவர்தான் பிடிக்கும். மாமியாருக்கோ தம் கல்யாணத்திற்கு வந்த கண்ணாடி வைத்த தேக்குப் பீரோ பட்டாசாலையில்தான் நிற்க வேண்டும். மூன்று மாதம் வாக்குவாதம். கடைசியில் மாப்பிள்ளை, "பூத்துணி மாட்டுகிற வீட்டில் ரஹ்மத் இறங்காது" என்று சொல்லிவிட்டார். பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வீடு சேர்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையிடம் கேட்டேன்: "தம்பி, திரைச்சீலைக்கு எவ்வளவு ஆகும்?" ஒரு தொகை சொன்னார். "முன்வாசலில் தெருவைப் பார்த்துக் கிரானைட் பதித்திருக்கிறீர்களே, அதற்கு எவ்வளவு ஆனது?" அவர் பேசவில்லை. அது திரைச்சீலையைப் போலப் பல மடங்கு. வீட்டுக்குள் பெண்கள் பார்த்துச் சந்தோஷப்படுவது வீண் ஆசை. தெருவில் ஆண்கள் பார்த்துப் பாராட்டுவது அவசியத் தேவை. இந்தக் கணக்கு நம்மில் பலரிடம் இருக்கிறது. ஆண்களாகிய நாம் இதைக் கொஞ்சம் மனம் திறந்து யோசிக்க வேண்டும்.

பிறகு பெண்ணின் வாப்பா ஒரு விஷயத்தைச் சொன்னார். அடுப்படியில் "மாடுலர் கிச்சன்" அமைக்கவும், ஸோபாவும் பெரிய டி.வி.யும் வாங்கவும் வட்டிக் கடனுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்களாம். மாதத் தவணை. கணவன், மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை! சுவரின் வர்ணத்திற்காக மூன்று மாதம் போராடியவர்கள், வட்டிக்காக ஒரு நாள்கூட வாய் பேசவில்லை.

அல்லாஹ்வின் அடியார்களே! ஸூரா பகராவின் 278, 279-ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். வட்டியை விடாதவர்களுக்கு அல்லாஹ்வும் ரஸூலும் யுத்தப் பிரகடனம் செய்வதாக அங்கே எச்சரிக்கை வருகிறது. வட்டி வாங்குபவரோடு கொடுப்பவரையும், எழுதுபவரையும், சாட்சிகளையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. பசிக்கும் பிள்ளைக்குச் சோறில்லை, அறுவை சிகிச்சைக்குப் பணமில்லை என்று ஒருவர் வந்து நின்றால் ஆலிம்கள் உட்கார்ந்து ஆலோசிப்பார்கள். அலமாரிக் கதவு ஓசையில்லாமல் மூட வேண்டும் என்பதற்காக வட்டிக்குள் போய் விழுவதற்கு என்ன சமாதானம் இருக்கிறது? பூத்துணியால் ரஹ்மத் இறங்காது என்றாரே, அவர் பயப்பட வேண்டிய இடம் எது?

பெண் இப்போது வீடு திரும்பிவிட்டார். திரைச்சீலை அவர் விருப்பப்படி மாட்டியாயிற்று. கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் விஷயம் மட்டும் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. துஆச் செய்யுங்கள்.

நிற்க. அப்படியானால் எல்லை எது என்று கேட்பீர்கள். முதலில் உயிருள்ளவற்றின் உருவங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு முகம் மாறி, அதை அகற்றினார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்தும்படி நமக்குக் கட்டளையில்லை என்ற கருத்தும் முஸ்லிமின் அறிவிப்பில் வருகிறது. இதை வைத்துச் சிலர் சுவரில் துணி தொங்கவிடுவதே ஹராம் என்கிறார்கள். ஷாஃபி மத்ஹபின் அறிஞர்களில் நஸ்ருல் மக்திஸீ (ரஹ்) அப்படிச் சொன்னதும் உண்மைதான். ஆனால் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் நுட்பமாக விளக்குகிறார்கள்: கட்டளையில்லை என்றால் அது வாஜிபும் அல்ல, ஸுன்னத்தும் அல்ல என்று விளங்குமே தவிர, ஹராம் என்று ஆகாது, தவிர்ப்பது நல்லது என்ற அளவில்தான் அது வெறுக்கத்தக்கது. எவ்வளவு நிதானம்! நமக்கோ நிதானம் இல்லை.

அதன்பின் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் செய்ததையும் கவனியுங்கள். அந்தத் துணியைத் தெருவில் எறிந்துவிடவில்லை. வெட்டித் தலையணைகளாகத் தைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதில் சாய்ந்து அமர்ந்தார்கள். தவறும் நீங்கியது, துணியும் வீணாகவில்லை, துணி வாங்கியவரின் மனமும் முறியவில்லை.

உருவம் விலக்கப்பட்டதால் அழகே விலக்கப்பட்டுவிட்டது என்பதல்ல. படம் வரைந்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரம் முதலிய உயிரற்றவற்றை வரைந்துகொள் என்று அவருக்கு வழி காட்டினார்கள். நம் நாட்டுக் கல்தச்சர்களும் அந்த வழியிலேயே சென்றிருக்கிறார்கள். கீழக்கரை பழைய ஜும்ஆப் பள்ளியின் கற்றூண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூண் நம் நாட்டுத் தூண்தான், தச்சு நம் நாட்டுத் தச்சுதான். பூவும் கொடியும் இருக்கின்றன, உருவம் மட்டும் இல்லை. சீனாவில் ஸியான் நகரப் பள்ளிவாசல் அந்நாட்டு மண்டபங்களைப் போல வளைந்த ஓட்டுக் கூரையுடன் நிற்கிறது. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் ஜென்னேயில் 1907-ல் கட்டிய பெரிய பள்ளிவாசல் முழுக்கப் பச்சை மண்ணால் ஆனது. ஆண்டுதோறும் ஊரார் கூடிப் பூசுகிறார்கள். எல்லாம் ஒரே கிப்லாவை நோக்கியவைதான். அல்லாஹ்வின் வீடுகளே இப்படி ஊருக்கு ஊர் வேறுபடலாம் என்றால், அடியான் வீட்டுப் பட்டாசாலையில் மனைவி பச்சை கேட்டதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

பத்தமடைப் பாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, சாயமேற்றி அதை நெய்பவர்கள் நம் லெப்பைக் குடும்பத்தினர்; குறிப்பாக நம் சகோதரிகள். மணமக்கள் பெயரையே பாயில் நெய்து தருவார்கள். ஈச்சம்பாயின் வரித் தடம் நாயகம் (ஸல்) அவர்கள் திருமேனியில் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் அழுதது நமக்குத் தெரியும். அந்த ஸுன்னத்தின் வாசனையும் இருக்கிறது, நம் சகோதரிகளின் பிழைப்பும் இருக்கிறது. கடையில் பளபளக்கும் நைலான் விரிப்பைவிட எனக்கு அதுதான் பிரியம். ஆனால் இது என் பிரியம், ஃபத்வா அல்ல!

இரண்டாவது எல்லை வீண் விரயமும் பெருமையும். இதற்கு ரூபாய்க் கணக்குச் சொல்ல முடியாது. ஒருவருக்கு விரயமானது இன்னொருவருக்குச் சாதாரணம். தனக்கொரு விரிப்பு, மனைவிக்கொரு விரிப்பு, விருந்தாளிக்கு மூன்றாவது. நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. மனைவியின் விரிப்பை ஸுன்னத்தே தனியாக எண்ணியிருப்பதைக் கவனியுங்கள்.

வீட்டாரின் விருப்பம் இருக்கட்டும். வருகிற விருந்தாளி என்ன செய்வது? இப்னு உமர் (ரலி) அவர்கள் இல்லத் திருமண விருந்து. சுவரில் துணி தொங்கியது. ஒரு அறிவிப்பின்படி அது பச்சைத் துணி. அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்கள் வந்து பார்த்துவிட்டு ஆட்சேபித்தார்கள். பெண்கள் எங்களை மிகைத்துவிட்டார்கள் என்று இப்னு உமர் (ரலி) வெட்கத்தோடு சொன்னார்கள். அபூ அய்யூப் (ரலி) சாப்பிடாமல் திரும்பிவிட்டார்கள். மற்ற தோழர்கள் உள்ளே சென்றதாகவும் அறிவிப்பு இருக்கிறது. பேணுதலில் இப்னு உமர் (ரலி) அவர்களை மிஞ்சியவர் யார்? அவர்களே பெண்களின் சந்தோஷ நாளில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அபூ அய்யூப் (ரலி) அவர்களும் தம் பேணுதலைத் தம்மோடு எடுத்துச் சென்றார்களே தவிர, துணியைக் கிழித்தெறியவில்லை. நம்மில் சிலர் குடிபுகும் விருந்துக்குப் போய், பிரியாணியையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, கை கழுவும்போது, "கலர் சரியில்லை, காசைக் கொட்டியிருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அந்த வார்த்தையால் அன்றிரவு அந்த வீட்டில் யார் யாரிடம் சண்டை போடுவார்கள் என்று நமக்குத் தெரியாது.

மாமியார் மருமகள் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கணவனின் உறவினர் புழங்காத தனி இடம் மனைவியின் உரிமை என்று ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவிலேயே எழுதியிருக்கிறது. கூட்டுக் குடும்பமானால் பூட்டுச் சாவியுடன் ஓர் அறையாவது அவளுக்கு வேண்டும். அந்த அறையில் கட்டில் எந்தப் பக்கம், திரை என்ன நிறம் என்பதை அவளிடம் விட்டுவிட வேண்டியதுதான். அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்கள் அவளுடைய சொத்து. அவள் சம்மதமின்றி அவற்றை விற்கவோ, மாற்றவோ, நாத்தனார் கல்யாணத்திற்குத் தூக்கிக் கொடுக்கவோ எவருக்கும் ஹக் இல்லை. கேட்டு வாங்கிய சீர் என்றால் அது தனிப் பாவம். அதை எந்த நிறத்தில் வைத்தாலும் அழகு வராது.

அதே போல, மாமியாரின் பழைய பீரோவும் அவருடைய சொத்துத்தான். ஐம்பது வருடத்துக்கு முன் மணப்பெண்ணாக அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்தவர் அவர். புதுவீட்டுக்குப் பொருத்தமில்லை என்று அதைப் புழக்கடைக்குத் தள்ளுகிற மருமகளும் மகனும், அதோடு யாரைத் தள்ளுகிறோம் என்று பார்க்க வேண்டாமா?

குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து, மனமொப்பிச் செய்யும்படி ஸூரா பகராவின் 233-வது வசனம் வழிகாட்டுகிறது. வர்ணக்காரர் ஏணியோடு வந்து நின்ற பிறகு பேசுவது கலந்தாலோசனை அல்ல. அஸ்திவாரம் போடும்போதே வீட்டிலுள்ளோர் உட்கார்ந்து, கையில் இருக்கும் ரொக்கம் எவ்வளவு என்று முதலில் எழுதுங்கள். கடனின்றி முடிகிற அளவை முடிவு செய்துகொண்டு, அதன்பின் எந்த அறை யார் விருப்பம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நிற்பவர் சொல்வது அடுப்படியில் நடக்கட்டும். பாட்டியின் கட்டில் பாட்டி சொல்லும் இடத்தில் கிடக்கட்டும். குழந்தைகள் அறைக்கு யானை, சிங்கம் போட்ட திரைதான் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், அதற்காக அவர்களை அழவைக்க வேண்டாம். கழற்றி, வெட்டி, காலடியில் போடும் மிதியடிகளாகத் தைத்துக்கொடுங்கள், சன்னலுக்கு அவர்களையே கடைக்கு அழைத்துச் சென்று பூவோ கொடியோ நட்சத்திரமோ எடுக்கச் சொல்லுங்கள்.